குறைந்த பணத்தில் விளையாட்டுப் படம்: பழைய கேமராவைத் தேர்ந்து வாங்கும் வழி

பள்ளி விளையாட்டு விழாவையும் ஊர்க் கபடிப் போட்டியையும் படம் எடுக்க விரும்பும் ஒருவர், கையில் 40,000 அல்லது 50,000 ரூபாயுடன் பழைய கேமரா தேடத் தொடங்கும்போது முதலில் கேட்பது ‘எந்தக் கேமரா நல்லது?’ என்பதே. அதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்கு அவர் விடை சொல்லியாக வேண்டும். எடுக்கப்போவது எந்த விளையாட்டு, அது நடப்பது பகலிலா இரவு விளக்கிலா, நமக்கு நிற்கக் கிடைக்கும் இடத்திலிருந்து ஆட்டக்காரர் எவ்வளவு தூரத்தில் இருப்பார்? இம்மூன்றும் தெளிந்தால் லென்ஸ் முடிவாகும். லென்ஸ் முடிவானால் அதற்குப் பொருந்தும் பாடிகளில் (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்களில்) நம் பணத்துக்குள் அடங்குபவை இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். நான் இந்த வரிசையை மாற்றி, முதலில் பாடியை வாங்கிவிட்டு மிச்சமிருந்த பணத்துக்கு ஒரு ஜூம் லென்ஸைச் சேர்த்துக்கொண்டேன். அந்த ஆண்டு முழுவதும் இரவு ஆட்டங்களில் எனக்குக் கிடைத்தவை கைகால் இழுபட்ட, மங்கிய படங்கள்தான். ஆகவே இந்த வழிகாட்டியை மைதானத்திலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: மைதானத்தின் வெளிச்சத்தை அளந்துகொள்ளுங்கள்

ஓடும் ஆளைப் படத்தில் தெளிவாக நிறுத்த எவ்வளவு ஷட்டர் வேகம் வேண்டும் என்பது எளிய கணக்கு. 100 மீட்டரை 12.5 வினாடியில் ஓடும் மாணவர் வினாடிக்கு 8 மீட்டர் நகர்கிறார். ஷட்டர் 1/100 வினாடி திறந்திருந்தால் அதற்குள் அவர் 8 சென்டிமீட்டர் கடந்துவிடுவதால் முகம் கலைந்துபோகும். 1/1000 வினாடியில் அந்த நகர்வு 8 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். நம்மை நோக்கி நேராக வருபவரை 1/500 வினாடியில் எடுத்துவிடலாம் என்றாலும், குறுக்கே ஓடுபவருக்கும் வாலிபாலில் ஸ்மாஷ் அடிக்கும் கைக்கும் 1/1000 தேவைப்படும்.

அந்த வேகத்துக்கு உங்கள் மைதானத்தின் வெளிச்சம் போதுமா என்பதைக் கைபேசியைக் கொண்டே ஏறத்தாழக் கண்டுபிடிக்கலாம். பல கைபேசிகளின் கேமராவில் ‘ப்ரோ’ என்றொரு முறை இருக்கும். அதில் ஷட்டரை 1/500 என்று வைத்து, ஆடுகளத்தில் நிற்பவரின் முகம் சரியான வெளிச்சத்தில் தெரியும்வரை ஐஎஸ்ஓ எண்ணை, அதாவது கேமரா ஒளியை உணரும் திறனின் அளவை, உயர்த்திக்கொண்டே போங்கள். கைபேசியின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் எஃப் 1.8-ஐ ஒட்டிய துளை அளவு கொண்டது (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது, உள்ளே வரும் ஒளியும் அதிகம்) என்பதால், அப்போது தெரியும் ஐஎஸ்ஓ எண்தான் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றுக்கு அந்த மைதானத்தில் தேவைப்படும் எண்ணாகவும் இருக்கும். எஃப் 2.8 லென்ஸுக்கு அதைப்போல் இரண்டரை மடங்கும், எஃப் 5.6 லென்ஸுக்கு ஏறக்குறைய பத்து மடங்கும் வேண்டும். கைபேசியில் 1600 வந்தால் எஃப் 2.8-க்கு 4000, எஃப் 5.6-க்கோ 16,000. 2014, 2016 ஆண்டுகளைச் சேர்ந்த நடுத்தர டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய) கேமராக்களில் 3200 வரை தயக்கமின்றியும், 6400 வரை சற்றுப் பொறுத்துக்கொண்டும் பயன்படுத்தலாம் என்பது என் அனுபவம். அதற்கு மேல் போனால் முகத்தில் புள்ளிகள் நிறைந்து, ஜெர்சியின் நிறமும் கெட்டுவிடுகிறது. எனவே இந்த எடுத்துக்காட்டு மைதானத்துக்கு எஃப் 5.6 ஜூம் லென்ஸ் பயன்படாது என்பது ஒரு ரூபாயும் செலவழிக்காமல் தெரிந்துவிடுகிறது.

உள்ளரங்கிலும் இரவு மைதானத்திலும் இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல் விளக்குகள், உலோக ஆவி விளக்குகள், தரம் குறைந்த எல்இடி விளக்குகள் ஆகியவை வினாடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் 1/1000 வினாடியில் அடுத்தடுத்து எடுக்கும் படங்களில் ஒன்று பளிச்சென்றும், அடுத்தது இருண்டும், மற்றொன்று பாதி மஞ்சளாகவும் வரும். கைபேசியிலேயே அதே அமைப்பில் பத்துப் படங்கள் தொடர்ந்து எடுத்துப் பார்த்தால் இந்தக் குறை இருக்கிறதா என்பது புரிந்துவிடும். இருந்தால், பாடியைத் தேர்ந்தெடுக்கும்போது அது பெரிய காரணமாகிவிடும் என்பதால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நிற்கும் இடத்தை வைத்து லென்ஸை முடிவு செய்யுங்கள்

பழைய சந்தையில் நம் பணத்துக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் தகடு) கொண்டவை. முழு அளவுச் சென்சாரில் 200 மி.மீ. லென்ஸ் (மி.மீ. எண் கூடினால் தூரத்துக் காட்சி நெருங்கும்) காட்டும் காட்சியை விட இவற்றில் அது நெருக்கமாகத் தெரியும்: கேனனில் 320 மி.மீ. போலவும், நிக்கானில் 300 மி.மீ. போலவும். தூரத்து ஆட்டங்களை எடுப்பவருக்கு இது ஆதாயம்.

நான் அதிகம் எடுத்த கபடியையே எடுத்துக்கொள்வோம். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு வருபவரின் முகம் தெரிய வேண்டுமானால், அவரைப் பிடிக்கக் காத்திருக்கும் அணியின் பின்கோட்டுக்கு அப்பால் தரையில் உட்கார வேண்டும். அங்கிருந்து நடுக்கோடு வரை, பின்னால் விட்டிருக்கும் இடத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 10 மீட்டர். அந்தத் தூரத்தில் கேனன் ஏபிஎஸ்-சி பாடியில் 50 மி.மீ. லென்ஸ் 4.5 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட காட்சியைப் பிடிக்கும். ஒருவரை நால்வர் சேர்ந்து அமுக்கும் பிடிக்கு இது சரியான அளவு. 85 மி.மீ. லென்ஸோ 2.6 மீட்டர் அகலத்தையே பிடிக்கும்; பாடிக்கொண்டு வருபவர் கை நீட்டித் தொடும் கணத்துக்கு அது பொருத்தமாக இருந்தாலும், பிடி நம் பக்கம் உருண்டு வந்துவிட்டால் தலைகளும் கால்களும் வெட்டுப்படும். கபடிக்கு 200 மி.மீ. ஜூம் வாங்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 50 மி.மீ. எஃப் 1.8, பிறகு பணம் சேர்ந்தால் 85 மி.மீ. எஃப் 1.8: இந்த இரண்டும் இரவுக் கபடிக்குப் போதும். கேனனின் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 1992-இல் வந்த பழைய வடிவம்தான். ஆயினும் அதன் ஃபோகஸ் வேகம் இன்றும் நம்பத்தக்கது.

வாலிபாலுக்கும் பூப்பந்துக்கும் 85 மி.மீ. நல்ல தொடக்கம். தடகளத்துக்கும் கால்பந்துக்கும் 200 மி.மீ. வேண்டும். இவை பகலில் நடந்தால் விலை குறைந்த ஜூம் லென்ஸே போதும்: கேனனின் 55-250 எஸ்டிஎம், நிக்கானின் 70-300 ஆகியவை மாலை 5 மணி வெயில் வரை தாங்கும். இரவிலும் நடந்தால் 70-200 எஃப் 2.8 தேவைப்படும், அதில் பணத்தை மிச்சப்படுத்த ஒரு நல்ல வழி உண்டு. கையின் நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு, ஓடுபவரின் அசைவை நிறுத்தாது. 1/500-க்கு மேல் எடுக்கும் நமக்கு அது பெரிதாக உதவுவதும் இல்லை. எனவே அந்த அமைப்பு இல்லாத பழைய வடிவங்களை, கேனனில் 1995-இல் வந்த முதல் 70-200 எஃப் 2.8-ஐயோ நிக்கானின் 80-200 எஃப் 2.8 டி-யையோ, அச்சமின்றித் தேடலாம். ஆனால் நிக்கானின் அந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி7000 வரிசை, டி500 போன்ற பாடிகளில் மோட்டார் இருப்பதால் அவற்றில் இயங்கும். டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், அது விளையாட்டுக்கு உதவாது.

கிரிக்கெட் மட்டும் தனிக் கணக்கு. எல்லைக் கோட்டுக்கு வெளியே 70 மீட்டரில் உட்கார்ந்து 200 மி.மீ. லென்ஸால் செங்குத்தாக எடுத்தாலும் மட்டையாளர் படத்தின் உயரத்தில் நான்கில் ஒரு பங்குகூட வரமாட்டார். 400 மி.மீ. இல்லாமல் முடியாது. முழு அளவு மைதானத்துக் கிரிக்கெட்தான் உங்கள் விருப்பம் என்றால், பணம் சேரும்வரை காத்திருந்து 150-600 வகை லென்ஸ் ஒன்றை வாங்குவதே நல்லது. பகல் ஆட்டங்களுக்கு அதன் எஃப் 6.3 ஒரு தடையல்ல.

படி 3: பாடியில் பார்க்க வேண்டியவை

மெகாபிக்சல் எண்ணை மறந்துவிடுங்கள். 16 இருந்தாலே செய்தித்தாளின் முழுப் பக்கத்துக்கும் போதும். தொடர் ஃபோகஸ் (ஓடுபவரை விடாமல் பின்தொடரும் ஃபோகஸ்) எவ்வளவு உறுதியானது, பஃபர் (எடுத்த படங்கள் கார்டுக்குப் போகும்வரை தங்கும் நினைவகம்) எவ்வளவு பெரியது, விளக்கின் துடிப்பைச் சமாளிக்கும் வசதி உண்டா என்ற மூன்றையும் பாருங்கள். வினாடிக்கு எத்தனை படம் என்பது அதற்குப் பிறகுதான் வரும். முன்னே சொன்ன மாணவர், வினாடிக்கு 5 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 1.6 மீட்டர் ஓடிவிடுவார். 10 படம் எடுத்தால் 80 சென்டிமீட்டர். வேறுபாடு உண்மைதான். ஆனால் அந்தப் பத்துப் படங்களில் ஆறு ஃபோகஸ் தவறியிருந்தால் அந்த வேகத்தால் என்ன பயன்?

பஃபரின் பொருட்டு நிக்கான் டி7100-ஐ நான் பரிந்துரைக்கமாட்டேன். வினாடிக்கு 6 படம் எடுக்கும் அந்தக் கேமரா, 14 பிட் ரா கோப்புகளில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படக் கோப்புகளில்) ஆறு படத்துக்குள் நிரம்பி நின்றுவிடுகிறது. 2015-இல் வந்த டி7200-இல் அதே ரா கோப்புகளில் 18 வரை இடம் உண்டு. மங்கிய ஒளியில் ஃபோகஸ் பிடிப்பதிலும் அது ஒரு படி மேல். பகல் தடகளத்துக்கு இதுவே என் முதல் தேர்வு.

கேனன் பக்கம் 2009-இல் வந்த 7டி இன்று மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். வினாடிக்கு 8 படம், உறுதியான உடல், நல்ல பிடிமானம் எல்லாம் இருந்தும், 1600-க்கு மேல் ஐஎஸ்ஓ உயர்த்தினால் அதன் படங்கள் சோர்ந்துவிடுவதாலும், மங்கிய ஒளியில் ஃபோகஸ் தடுமாறுவதாலும் அதைப் பகல் கேமராவாக மட்டுமே கருத வேண்டும். 2014-இல் வந்த 7டி மார்க் 2 வேறு பிறவி: 65 ஃபோகஸ் புள்ளிகள், வினாடிக்கு 10 படம், மிகக் குறைந்த ஒளியிலும் நடுப்புள்ளியில் பிடிக்கும் ஃபோகஸ். இவை எல்லாவற்றையும் விட, விளக்கின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பை அறிந்து ஒளி உச்சத்தில் இருக்கும்போது ஷட்டரைத் திறக்கும் வசதி இதில் இருக்கிறது. இதே வசதி 2016-இன் 80டி-யிலும், நிக்கான் டி500, டி7500 ஆகியவற்றிலும் உண்டு. 7டி, 70டி, டி7200 ஆகியவற்றின் புகைப்படங்களுக்குக் கிடையாது. இரவுக் கபடிக்கும் உள்ளரங்க ஆட்டங்களுக்கும் பாடி தேடுபவர் இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே கூடுதலாகச் சில ஆயிரம் தரலாம்.

டி500, இந்த விலை வட்டத்தின் மேல் எல்லையில் இருக்கும் கேமரா. 153 ஃபோகஸ் புள்ளிகளும், ரா கோப்பிலேயே 200 படம் தாங்கும் பஃபரும் கொண்ட அதை வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஆனால் அதற்காக லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தைத் தொடாதீர்கள். அதன் ஒரு கார்டு அறை விலை அதிகமான எக்ஸ்க்யூடி கார்டுக்கானது என்பதால், கார்டோடு சேர்த்து விற்பவரிடம் வாங்குவது நல்லது.

மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராக்களில் சோனி ஏ6000 குறைந்த விலையில் கிடைக்கிறது. வினாடிக்கு 11 படமும் எடுக்கும். ஆனால் வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் நிறுவனத்தின் கணக்குப்படியே ஒரு பேட்டரிக்கு 310 படங்கள்தான், டி7200-இலோ 1,110. அதற்கேற்ற நீள லென்ஸ்களின் விலையும் நம் பட்ஜெட்டைக் கடந்துவிடும். இன்றைய நிலையில், பணம் குறைவாக உள்ளவருக்கு டிஎஸ்எல்ஆர்தான் சரி. திருமண ஒளிப்படக்காரர்கள் பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால் அவர்களுடைய டிஎஸ்எல்ஆர்களும் லென்ஸ்களும் சந்தைக்கு வருகின்றன.

படி 4: நேரில் சோதிப்பது

பகல் வெளிச்சத்தில், நேரில், குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். உங்கள் மெமரி கார்டு, ஒரு சிறிய டார்ச், முடிந்தால் ஒரு மடிக்கணினி, இவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

லென்ஸிலிருந்து தொடங்குங்கள். கடற்கரை ஊர்களிலும் மழைக்காலங்களிலும் பூட்டிய அலமாரியில் கிடந்த லென்ஸ்களுக்குப் பூஞ்சைதான் முதல் எதிரி. துளையை முழுதாகத் திறந்து, ஒரு முனையில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற நூலிழைகளோ, புகை படிந்ததுபோன்ற வெண்மையோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். நான் வாங்கிய முதல் ஜூம் லென்ஸைக் குழல் விளக்கின் கீழ் மட்டுமே பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்தபோதுதான் உள்கண்ணாடியின் ஓரம் முழுவதும் பூஞ்சை படர்ந்திருந்தது தெரிந்தது. சில துகள் தூசிகள் படத்தைக் கெடுக்காது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். துளை இதழ்களில் எண்ணெய் மினுக்கம் இருக்கிறதா, ஃபோகஸ் வளையம் மணல் அரைப்பதுபோல் சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிலிம் காலத்துச் சிக்மா லென்ஸ்கள் சில, கேனனின் டிஜிட்டல் பாடிகளில் துளையைச் சுருக்கியதும் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும் என்பதால், எஃப் 8-இல் வைத்தும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

அடுத்து பாடி. ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்பதை நிக்கான் ஒவ்வொரு படக் கோப்பிலும் பதிவு செய்கிறது. ஒரு படம் எடுத்துக் கணினியில் பார்த்தால் தெரிந்துவிடும். கேனன் பெரும்பாலான கோப்புகளில் அதை எழுதுவதில்லை. கேமராவைக் கணினியுடன் இணைத்து அதற்கான மென்பொருளால் பார்க்க வேண்டும். 7டி மார்க் 2-இல் மட்டும் மெனுவிலேயே ஆயிரக்கணக்கில் தெரியும். நிறுவனங்கள் சோதித்துச் சொல்லும் ஆயுள், 70டி, 80டி ஆகியவற்றுக்கு 1,00,000. 7டி, டி7200 ஆகியவற்றுக்கு 1,50,000. 7டி மார்க் 2, டி500 ஆகியவற்றுக்கு 2,00,000. அந்த எண்ணைத் தொட்டவுடன் ஷட்டர் உடைந்துவிடாது. ஆனால் பாதிக்கு மேல் ஓடிய கேமராவுக்குப் பேரம் பேச உங்களுக்கு உரிமை உண்டு. வீடியோவுக்கு நெடுநேரம் ஓடிய பாடியில் இந்த எண் குறைவாகவே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு துளையை எஃப் 16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தூசியானால் துடைத்துவிடலாம். கோடுகள் தெரிந்தால் அது கீறல், வாங்க வேண்டாம். 7டி போன்ற, சிஎஃப் என்னும் பழைய வகைக் கார்டு போடும் கேமராக்களில் அறைக்குள் டார்ச் அடித்து ஊசிகள் வளையாமல் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். எல்லாப் பட்டன்களையும், சக்கரங்களையும் ஒருமுறை இயக்குங்கள். பிடிமான ரப்பர் உப்பியிருந்தால் அது மாற்றக்கூடிய குறை; லென்ஸ் பொருந்தும் வளையம் ஆடினால் அது கீழே விழுந்த கேமரா.

விளையாட்டுக்கான சோதனையை இதற்குப் பிறகு தெருவில் செய்ய வேண்டும். தொடர் ஃபோகஸ் முறையில் வைத்து, லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, உடன் வந்தவரை 20 மீட்டர் தூரத்திலிருந்து உங்களை நோக்கி ஓடி வரச் சொல்லுங்கள். நடுப்புள்ளியை அவர் மார்பில் வைத்தபடி இருபது படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் கண்ணிமை தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இருபதில் பதினான்கு தெளிவாக இருந்தால் நல்ல கேமரா. எல்லாப் படங்களிலும் ஒரே சீராக முகத்துக்குப் பின்னால் ஃபோகஸ் விழுந்திருந்தால், ஃபோகஸ் நுண்திருத்தம் உள்ள பாடிகளில் மெனுவிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகச் சிதறியிருந்தால் அந்தப் பாடியையோ லென்ஸையோ நம்ப முடியாது; வேறு லென்ஸைப் பொருத்தி மீண்டும் பார்த்தால் குறை எதில் என்பது விளங்கும்.

படி 5: பில், பணம், முதல் வாரம்

பாடியில் உள்ள வரிசை எண்ணும், பில்லிலும் பெட்டியிலும் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் தொலைந்துவிட்டது என்பவரிடம், விற்றதற்கான எழுத்தும் அடையாள அட்டையின் நகலும் கேளுங்கள். தயங்கினால் திரும்பிவிடுங்கள், அது திருட்டுப் பொருளாக இருக்கலாம். இணைய விளம்பரங்களில் தம்மை ராணுவ வீரர் என்று சொல்லி, இடமாற்றம் வந்துவிட்டதால் முன்பணம் அனுப்பினால் கூரியரில் வரும் என்று ஏமாற்றும் கும்பல்கள் பற்றிக் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. கேமராவைக் கையில் வாங்கிச் சோதித்து முடிக்கும்வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். கடையில் வாங்கினால் விலை சற்றுக் கூடும். ஆனால் ஒரு மாதமாவது பொறுப்பேற்பதாக எழுதித் தரும் கடைக்கு அந்தக் கூடுதல் தொகையைத் தருவது தகும்.

மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை இரண்டாவது பேட்டரிக்கும், வேகமான கார்டுக்கும், ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத டப்பாவுக்கும் சிலிக்கா ஜெல்லுக்கும் எடுத்து வையுங்கள். மீதியில் பாதிக்கு மேல் லென்ஸுக்குப் போகட்டும். வாங்கிய வாரமே உண்மையான ஆட்டம் ஒன்றுக்குக் கொண்டுபோய்க் குறைந்தது 500 படங்கள் எடுங்கள். சூடேறினால் நின்றுவிடும் பாடியும், நூறு படத்துக்குள் இறங்கிவிடும் பழைய பேட்டரியும் அப்போதுதான் தங்களைக் காட்டும், கடைக்காரர் தந்த கெடுவுக்குள் திருப்பிக் கொடுக்கவும் நாள் இருக்கும். ஆட்டம் முடிந்து வந்ததும் மைதானத்துப் புழுதியை மென்தூரிகையால் தட்டி, வியர்வை பட்ட இடங்களைத் துடைத்து, டப்பாவில் வைத்து மூடுங்கள். சிலிக்கா மணிகள் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தெடுத்து, ஆறிய பின் மீண்டும் உள்ளே வைக்கலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.